எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை, ஆனா…

"யார் யார் இருக்கீங்க?"

வீடு பார்க்கப் போன இடத்தில் வாடகை எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னால், மெட்ரோ வாட்டர் எப்போது வரும் என்பதற்கு முன்னால், சில வீடுகளில் நான் செருப்பைக் கழற்றுவதற்கும் முன்னால் வந்து விழும் கேள்வி இது. "நான் மட்டும்தான்" என்று சொல்வேன். உடனே என் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை போகும். வண்டியை நிறுத்திவிட்டு யாராவது வருவார்கள் என்று காத்திருக்கும் பார்வை. யாரும் வரமாட்டார்கள். வந்ததே நான் மட்டும்தான், அதுவும் ஷேர் ஆட்டோவில்.

எனக்கு வயது 51. தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் 26 வருஷமாக வேலை. கல்யாணம் ஆகவில்லை என்பார்கள். செய்துகொள்ளவில்லை என்பது நான் சொல்வது. அம்மாவும் நானும் மயிலாப்பூரில் ஒரே வாடகை வீட்டில் 19 வருஷம் குடியிருந்தோம். போன வருஷம் அம்மா போய்விட்டார். இந்த வருஷம் வீடும் போகிறது. எட்டுக் குடித்தனம் இருந்த பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மூன்று மாதமாகத் தேடுகிறேன். இதுவரை 17 வீடு.

ஆசை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெட்ரூம், ஒரு ஹால், நின்று சமைக்க ஒரு கிச்சன். துணி உலர்த்த நாலடி பால்கனி. கபாலீஸ்வரர் கோயில் குளத்துக்கு நடந்து போகிற தூரம். ராத்திரி பதினொரு மணிக்கு லைட்டைப் போட்டுப் படித்தால் "இன்னும் தூங்கலையா?" என்று கேட்க ஆள் இருக்கக்கூடாது. மார்கழியில் கச்சேரி முடிந்து, சபா கேண்டீனில் ஒரு அடை சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு வந்தால் கேட்டைத் திறக்கும் சத்தத்தை யாரும் எண்ணிக்கொண்டிருக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லூப் ரோட்டுக்கு நடந்து போய் சங்கரா மீன் வாங்கிவந்து குழம்பு வைக்க வேண்டும். மறுநாள் காலையில் அந்தக் குழம்பை இட்லிக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். இதற்குள் சமூகம் எங்கே வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் வந்துவிட்டது. கேட்டைத் திறந்தவுடன் முதல் ஆளாக அதுதான் நிற்கிறது.

அண்ணன் பெருங்களத்தூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். "தனியா எதுக்குக் கஷ்டப்படற? எங்ககூட வந்துடு" என்கிறான். பாசத்தில் சொல்கிறான், சந்தேகமில்லை. அடுத்த வாக்கியம் இது: "நாலு பேர் என்ன நினைப்பாங்க? தங்கச்சியைத் தனியா விட்டுட்டான்னு பேசமாட்டாங்களா?" அண்ணி நல்லவள். அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது ஹால் சோபாவும், பீரோவில் அவள் ஒதுக்கித் தந்த ஒரு தட்டும். மாதத்துக்கு இரண்டு நாள் போய் இருந்துவிட்டு வருகிறேன். மூன்றாவது நாள் டி.வி. ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். அது யாருக்கும் நல்லதில்லை.

முதலில் பார்த்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெற்கு மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்து. மாடிப் போர்ஷன். சிவப்பு ஆக்சைடு தரை, காலை வைத்தால் ஜில்லென்றிருந்தது. ஜன்னலைத் திறந்தால் கோபுரத்தின் மேல் பாதி. ஓனர் மாமிக்கு எழுபது வயதிருக்கும். கால்வலியோடு மாடிப்படி ஏறிவந்து ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுக் காட்டினார். டிகாஷன் காபி கொடுத்தார். எங்கே வேலை, என்ன சம்பளம், அம்மாவுக்கு என்ன உடம்பு என்றெல்லாம் விசாரித்துக் கண்கலங்கினார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பால் காய்ச்சும் தேதியே மனதுக்குள் முடிவாகிவிட்டது. அப்புறம், டபராவைக் கீழே வைத்தபடி, "வெஜிடேரியன்தானே?" என்றார்.

மயிலாப்பூரில் இந்தக் கேள்வி கத்திரிக்காயைப் பற்றியது இல்லை. "நீங்க யாரு?" என்று நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வி. "சொந்த ஊர் எது?" என்பதும் அதேதான். "எந்தப் பக்கம்?" என்பது இன்னும் கொஞ்சம் தைரியசாலிகளுக்கு. பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்து பொய் சொல்லிக் குடிபோனவர்கள் உண்டு. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஊதுவத்தியும் ஏற்றி, கதவிடுக்கில் ஈரத்துண்டை அடைத்துவிட்டு முட்டை பொரிப்பார்கள். 51 வயதில் சொந்தக் கிச்சனில் திருடி மாதிரி நிற்க எனக்கு முடியாது. "ஞாயித்துக்கிழமை மட்டும் மீன் செய்வேன் மாமி" என்றேன்.

மாமி முகம் மாறவில்லை. அதுதான் ஆச்சரியம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லைம்மா. காலம் மாறிடுத்து. ஆனா கீழ் போர்ஷன்ல இருக்கறவா ரொம்ப ஆசாரம். அவாளுக்குச் சரிப்பட்டு வராது."

இரண்டு வாரம் கழித்து வடக்கு மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் என்னையே பார்த்தார். "நீங்க மாடி வீடு பார்க்க வந்தவங்கதானே? நான் கீழ் போர்ஷன். ஏன் வரலை?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டார். "என்னையா சொன்னாங்க? என்கிட்ட யாருமே கேட்கலையே! மாடிக்கு யாராவது வந்தா மோட்டார் கரண்ட் பில்லு பாதியா பிரியும்னு நான் நாலு மாசமா காத்திட்டிருக்கேன்."

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் உறைக்க ஆரம்பித்தது, இன்றைக்கு உறுதியாகிவிட்டது. இந்த 17 வீட்டில் ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, "எனக்குப் பிடிக்கவில்லை, தரமாட்டேன்" என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை எப்போதும் அந்த இடத்தில் இல்லாத ஒருவருடையது. கீழ் போர்ஷன்காரர், எதிர் ஃப்ளாட்காரர், அமெரிக்காவில் இருக்கும் பையன், "எங்க வீட்டு அம்மா", அசோசியேஷன். நாலு பேர், நாலு பேர் என்கிறார்களே, அந்த நாலு பேரைத் தேடிப் போனால் அவர்களும் வேறு நாலு பேரைக் கைகாட்டுகிறார்கள்.

மாமி வீட்டுச் சந்திலிருந்து வெளியே வந்தால் மாட வீதி. பங்குனியில் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவம் நடக்கிற வீதி. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 63 நாயன்மாரும் பல்லக்கில் வரிசையாக வருவார்கள், மோர்ப்பந்தலும் விசிறியுமாக ஊரே திரண்டு நிற்கும். அந்த வரிசையில் கண்ணப்பர் வருகிறார். சாமிக்கு இறைச்சி படைத்தவர். அதிபத்தர் வருகிறார். நாகப்பட்டினத்து மீனவர், வலையில் விழுகிற முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர், பொன்மீன் கிடைத்தபோதும் விட்டவர். இருவரையும் இரண்டு பக்கத்து வீட்டு வாசலிலும் கும்பிடுகிறார்கள். மீனவர் சாமியாக வீதியில் போகலாம். மாடிப் போர்ஷனுக்கு மீன் போகக்கூடாது.

இன்னொருத்தியும் இருக்கிறாள், பூம்பாவை. இந்த ஊர்ப் பெண். பாம்பு கடித்து இறந்து, குடத்தில் சாம்பலும் எலும்புமாக இருந்தவளைச் சம்பந்தர் உயிர்ப்பித்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. அப்பா சிவநேசர் அவரையே மருமகனாகக் கேட்டார். உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை என்று சம்பந்தர் மறுத்துவிட்டார். அப்பா வேறு யாருக்கும் கட்டிக்கொடுக்கவில்லை. கன்னிமாடத்தில் கடைசிவரை தனியாக இருந்து சிவனை அடைந்தாள் என்று கதை. அவளுக்குக் கோயிலுக்குள்ளேயே சந்நிதி. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று ஒரு பார்வை பார்ப்பேன். அட்வான்ஸ் எதுவும் கேட்டார்களா என்று விசாரிக்கத் தோன்றும்.

தி.நகரில் கதை வேறு. பனகல் பார்க் பக்கம் ஒரு வீடு. ஓனர் கடை வைத்திருப்பவர். மீனா, கோழியா, எதைப் பற்றியும் கவலையில்லை, அவரே பிரியாணிக்காரர். அவர் கவலை என் பாதுகாப்பு. "லேடீஸ் தனியா இருந்தா ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எங்களுக்குத்தானே மேடம் தலைவலி? எனக்கு ஒண்ணுமில்ல, எங்க வீட்டு அம்மாதான் பயப்படறாங்க." பத்து மாத அட்வான்ஸ் கேட்டபோது மட்டும் அந்தப் பயம் எங்கேயோ போயிருந்தது. 2017-ல் தமிழ்நாட்டில் வாடகைக்குப் புதிய சட்டம் போட்டார்கள், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. கூடவே, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது வேறு விஷயம் என்றும் இருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். "ஆமாங்க, வேற மாதிரிதான் போடப்போறோம்" என்றார். ஆடிட்டர் ஆபீஸில் 26 வருஷம் குப்பை கொட்டியும் என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

அந்தச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது, வாடகையை ஏற்றுவது, காலி செய்யச் சொல்வது, தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது என்பது எல்லாம் இருக்கிறது. தனி ஆளுக்குத் தரமாட்டேன், இந்தச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்குத் தரமாட்டேன் என்று சொல்லக்கூடாது என்று ஒரு வரி இல்லை. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவிலும் கடை, ஹோட்டல், கிணறு, குளம் என்றுதான் வருகிறது; தனியார் வீட்டு மாடிப் போர்ஷன் வரவில்லை. கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஹோட்டலில் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கச் சட்டம் எதுவும் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் ஒரு கோயம்புத்தூர் வழக்கில் சொல்லிவிட்டது. நான் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. ஒரே ஒரு ஆள். அதுவும் நான்.

அடையாறில் ஃபாரமே கொடுத்தார்கள். 24 ஃப்ளாட், அதற்கு ஓர் அசோசியேஷன், அதற்கு ஒரு செயலாளர், ரிடையர்ட் ஆபீசர். ஃபாரத்தில் "குடும்ப உறுப்பினர்கள்" என்று ஆறு வரி கோடு போட்டிருந்தது. முதல் வரியில் என் பெயரை எழுதினேன். "உறவு" என்ற இடத்தில் என்ன எழுதுவது? எனக்கு நான் என்ன முறை? காலியாக விட்டேன். மீதி ஐந்து வரியும் காலி. கீழே, விருந்தினர் இரவில் தங்கினால் 24 மணி நேரத்துக்கு முன்னால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி. செயலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஃபாரத்தைப் படித்தார்.

"சாரி மேடம். பேச்சிலர்ஸ் நாட் அலவுட்."

"சார், நானா பேச்சிலர்?"

"டெக்னிக்கலி எஸ் மேடம்."

பி.காம்.-க்குப் பிறகு எனக்கு யாரும் பட்டம் கொடுத்ததில்லை. இதுதான் இரண்டாவது.

"பெர்சனலா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல மேடம். ஜெனரல் பாடியில ரெசல்யூஷன் போட்டுட்டாங்க." யார் போட்டது என்று கேட்டேன். "எல்லாரும்தான்" என்றார். அப்படியானால் நீங்களுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வயதில் பெரியவர். விட்டுவிட்டேன்.

வெளியே வந்து எல்.பி. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். அந்த ரோட்டின் அரசாங்கப் பெயர் டாக்டர் முத்துலட்சுமி சாலை. யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆட்டோக்காரர் உட்பட. புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டும் படித்த காலேஜில் முத்துலட்சுமி சேரப் போனபோது எங்கள் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஊர் எதிர்த்தது. மகாராஜா இடம் கொடுக்கச் சொன்னதால் படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டராகி வெளியே வந்தார். சட்டமன்றத்துக்குப் போனார். அவ்வை இல்லம் ஆரம்பித்தார், 1954-ல் இதே அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை ஆரம்பித்தார். அந்த எதிர்ப்புக்காரர்கள் ஒருத்தர் பெயரும் இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் அவர்கள் வம்சம் நன்றாக இருக்கிறது. அசோசியேஷன் நடத்துகிறது.

அதே அடையாறில்தான் ருக்மிணி தேவியும். 1920-ல், 16 வயதில், தன்னைவிட 25 வயது பெரிய வெள்ளைக்காரர் அருண்டேலைக் கட்டிக்கொண்டார். சென்னை கொதித்தது, கல்யாணமே பம்பாயில்தான் நடந்தது. 1935-ல் தியாசாபிகல் சொசைட்டி வளாகத்தில் மேடையேறி, இன்றைக்குப் பரதநாட்டியம் என்கிற சதிர் ஆடினார். குடும்பப் பெண் ஆடுவதா என்று மறுபடியும் கொதித்தது. அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா. இன்றைக்குக் கொதித்தவர்களின் கொள்ளுப்பேத்திகள் அரங்கேற்றத்துக்குப் பத்திரிகை அடிக்கிறார்கள். (அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று என்பது வேறு ஆதங்கம். அதை எழுத என்னைவிட உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள்.)

லூப் ரோட்டில் மீன் வாங்கிய பிறகு கடற்கரையோரமாக வடக்கே நடந்தால், காமராஜர் சாலையில் விவேகானந்தர் இல்லம். பழைய ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்கக் கட்டிய வட்டக் கட்டடம். 1897-ல் விவேகானந்தர் தங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட சின்ன விதவைப் பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. அதைச் செய்தவர் சகோதரி சுப்பலட்சுமி. 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். விவரம் தெரியாத வயதில் கல்யாணம், அடுத்து விதவைக் கோலம். அப்பா படிக்கவைத்தார். 1911-ல் பி.ஏ. முடித்தார். 1912-ல் நாலு சின்ன விதவைப் பெண்களோடு ஓர் இல்லம் தொடங்கினார். நாலு பேர்! ஊர் வாயில் இருக்கிற நாலு பேரைக் காட்டிலும் நிஜமான நாலு பேர்.

இவர்களை எல்லாம் இழுத்துவந்து என்னோடு நிறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அந்தத் தைரியத்தில் தூசுகூடக் கிடையாது. அவர்கள் ஊரையே திருப்பினார்கள். நான் ஒன்றாம் தேதி வாடகையை ஜிபேயில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளக் கேட்கிறேன். நூறு வருஷம் கழித்து இதற்கும் இவ்வளவு படியேற வேண்டியிருக்கிறதே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஓனர்கள் பக்கமும் கொஞ்சம் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் மாமி கொடுத்த காபி ஜீரணமாகாது. வாடகையை நம்பி ஜீவனம் நடத்துகிற வயதானவர்கள் நிறையப் பேர். ஒருமுறை காலி செய்யாமல் கோர்ட்டுக்கு இழுத்த ஆளிடம் மாட்டியவர்கள் அடுத்து வருகிற எல்லோரையும் அந்த ஆளாகவே பார்க்கிறார்கள். 2012-ல் வேளச்சேரி வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளை சந்தேக நபர்கள் ஐந்து பேர் போலீசால் சுடப்பட்டதற்குப் பிறகு, வாடகைக்கு வருகிறவர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுங்கள் என்று போலீசே சொன்னது. பயம் நியாயம்தான். அதற்கு ஆதார் கேளுங்கள், சம்பள சீட்டு கேளுங்கள், பழைய ஓனர் நம்பரை வாங்கி விசாரியுங்கள். அந்த மாமி இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பேன் கார்டு பையிலேயே இருந்தது.

இனி சொல்லப்போவதைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இரண்டு பையன்கள் குடிவந்தார்கள். ஐ.டி. கம்பெனி, நைட் ஷிஃப்ட். தெற்கத்திப் பையன்கள். அம்மாவுக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் போகும். சனிக்கிழமை ராத்திரி அவர்கள் சிநேகிதர்கள் வருவார்கள், மொட்டைமாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கும். இரண்டு தடவை பெண்களும் வந்தார்கள். அவ்வளவுதான். ஒரு நாள் முதல் மாடிக்காரர் டைப் அடித்த ஒரு கடிதத்தோடு வந்தார். "ஃபேமிலி இருக்கிற இடம், நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார். ஏழு வீட்டில் ஐந்து வீடு கையெழுத்துப் போட்டிருந்தது. "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல சார்" என்று சொன்னேன். சத்தியமாக இதே வார்த்தைகள். சொல்லிவிட்டு, "எல்லாரும் போட்டிருக்காங்களே" என்று பேனாவை வாங்கி ஆறாவதாகப் போட்டேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. மாதக் கடைசியில் பையன்கள் டெம்போவில் கட்டில் ஏற்றினார்கள். கிளம்புகிற நேரத்தில் சின்னவன் எங்கள் வீட்டு பெல்லை அடித்தான். கையில் அம்மாவின் டப்பா, பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தது. திறந்தால் அதற்குள் பாதி அளவுக்குத் திருநெல்வேலி அல்வா. "வெறும் டப்பாவா கொடுக்கக்கூடாதுன்னு எங்க அம்மா சொல்லும் ஆன்ட்டி" என்றான். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். கடிதம் அவன் கைக்குப் போயிருந்ததா, ஆறாவது கையெழுத்தைப் பார்த்தானா, தெரியாது. அம்மா மூன்று நாள் அந்த அல்வாவைச் சாப்பிட்டார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுகர் என்று காரணம் சொன்னேன். சுகர் எனக்கு இன்றுவரை இல்லை.

அதனால் எந்தக் கீழ் போர்ஷன்காரர் மேலும் எனக்குக் கோபம் நிலைப்பதில்லை. அவர்கள் கைகாட்டிய நாலு பேரில் ஒருத்தி நான். எங்கள் ஓனர் அந்தப் பையன்களிடம், "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, அக்கம்பக்கத்துல குடித்தனக்காரங்க ஒத்துக்கலை" என்று சொல்லியிருப்பார். அந்தக் குடித்தனக்காரங்க நான்தான்.

போன வாரம் புரோக்கர் ஒரு வழி சொன்னார். எனக்காக அலைந்து அலைந்து அவருக்கே சலித்துவிட்டது. கமிஷன் ஒரு மாத வாடகைதான், அதற்கு இவ்வளவு பெட்ரோலா என்று முகத்திலேயே தெரிகிறது. "அக்கா, ஒண்ணு பண்ணுங்க. அக்ரிமென்ட்டை உங்க அண்ணன் பேர்ல போட்டுடுவோம். அவரும் அண்ணியும் வந்து ஒருநாள் வீட்டைப் பார்த்துட்டு, பால் காய்ச்சிட்டுப் போகட்டும். ஃபேமிலின்னு சொல்லிக்கலாம். அப்புறம் நீங்க இருந்துக்குங்க, யாரு கேட்கப்போறா?" அண்ணனும் சரி என்கிறான். அவனுக்கு அதில் ஒரு நிம்மதிகூட.

சம்பளம் என்னுடையது, வருமான வரி கட்டுவது நான், இ.பி. பில் கட்டப்போவது நான். வாடகைதாரர் என்ற இடத்தில் பெருங்களத்தூரில் இருப்பவன் பெயர். நான் அவனுடைய "குடும்ப உறுப்பினர்" என்று இரண்டாவது வரியில் வருவேன். அந்த ஃபாரத்தில் உறவு என்ற இடம் இந்தத் தடவை காலியாக இருக்காது: தங்கை. ஒரு நாள் டயம் கேட்டேன். நாலு நாள் ஆகிவிட்டது. புரோக்கர் போனை நான் எடுக்கவில்லை.

ஆகவே நேராகவே கேட்டுவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம் பக்கம் ஒரு பெட்ரூம் வீடு காலியாக இருந்தால், அல்லது காலியாகப் போவது தெரிந்தால் சொல்லுங்கள். மாடியானாலும் பரவாயில்லை, லிஃப்ட் வேண்டாம். வாடகை 18,000 வரை முடியும். மூன்று மாத அட்வான்ஸ் கையில் தயாராக இருக்கிறது. குடியிருக்கப் போவது ஒரு ஆள். ஞாயிற்றுக்கிழமை மீன் சமைப்பேன்.